ஆய்வுச் சுவரொட்டியும் அன்னைத் தமிழும்

கல்லூரிக் கருத்தரங்கு என்றால் முன்னாளில் மேடை, ஒலிபெருக்கி, கட்டுரை படிப்பவர், நேரம் முடிந்ததும் மணியடிக்கும் தலைவர் என்ற அளவில் அமைந்திருந்தது. இந்நாளில் அரங்கிற்கு வெளியே தாழ்வாரத்திலும் ஒரு கருத்தரங்கு நடைபெறுகிறது. வரிசையாக நிறுத்தப்பெற்ற பலகைகளில் ஆய்வுச் சுவரொட்டிகள் தொங்குகின்றன. அவற்றின் அருகே மாணவர்கள் புத்தாடை அணிந்து நிற்கின்றனர். நடுவர் வருகிறார்; நோக்குகிறார்; இரண்டு வினாக்கள் கேட்கிறார்; மதிப்பெண் குறித்துக்கொண்டு அடுத்த பலகைக்குச் செல்கிறார். மாலையில் சான்றிதழ் கிடைக்கிறது. சுவரொட்டி சுருட்டப்பெற்றுத் துறை அலமாரியின் பின்புறம் சாய்த்து வைக்கப்படுகிறது. அடுத்த ஆண்டு புதிய சுருள் வந்து பழைய சுருளை உள்ளே தள்ளுகிறது.

இச்சுவரொட்டிகள் யாருக்காக எழுதப்படுகின்றன என்னும் வினாவை மாணவச் செல்வங்களிடமும் ஆசிரியப் பெருமக்களிடமும் நம் சமுதாயப் பெரியோரிடமும் வைக்க விரும்புகிறோம். அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் இருந்து வரும் நம் மாணவர்கள் எங்கோ உள்ள பொருளை ஆராய்வதில்லை. தம் தெருவின் கிணற்று நீரையும், தம் ஊர் ஏரியின் கழிவையும், தம் அண்டை வீட்டாரின் சர்க்கரை நோயையும், தொழிற்பேட்டையின் இரைச்சலையுமே ஆராய்கின்றனர். நீர் எடுக்க இடம் தந்தவரும், வினாத்தாளுக்கு விடை சொன்னவரும் நம் மக்கள். முடிவு மட்டும் அவர்கள் படிக்க இயலாத மொழியில், படிக்க இயலாத சிற்றெழுத்தில், அவர்கள் வாராத தாழ்வாரத்தில் தொங்குகிறது. இது முறையன்று என்பது நம் கருத்து. ஆய்வுச் சுவரொட்டி நின்றுகொண்டே படித்து விளங்கிக்கொள்ளத் தக்கதாய் இருத்தல் வேண்டும். அது தமிழிலும் இருத்தல் வேண்டும். அதனை அவ்வாறு ஆக்கும் பணியில் தமிழ்த்துறைக்குப் பங்கு உண்டு.

சுவரொட்டி வாயிலாக ஆய்வை வழங்கும் முறை மிகப் பழையது அன்று. 1969-இல் மாட்ரிட் நகரில் நடைபெற்ற ஐரோப்பிய உயிர்வேதியியலார் கூட்டத்தில் இது முதலில் இடம்பெற்றது என்பர். 1974-இல் அமெரிக்க உயிர்வேதியியல் கூட்டம் ஒன்றிலும் கையாளப்பட்டது. அதன்பின் எல்லாத் துறைகளுக்கும் பரவியது. காரணம் எளியது. கட்டுரை படிக்க விரும்பியோர் பலர். மேடையும் மணி நேரமும் சில. எனவே ஆய்வைப் பலகையில் ஒட்டி அருகில் நின்று, வருவோரிடம் நேரில் உரையாடலாம் என்றனர். ஆகவே பிறப்பிலேயே இது ஓர் உரையாடலின் தொடக்கமாக வந்த வடிவம். நம் கல்லூரிகளில் அது அவ்வாறு வளரவில்லை. இருபது பக்கக் கட்டுரையை அவ்வண்ணமே எடுத்து, முன்னுரை, நோக்கம், முன்னாய்வுகள், கருவிகள், செய்முறை, அட்டவணை, முடிவுரை, துணைநூற்பட்டியல் என்று அனைத்தையும் ஒரு தாளில் அடைத்துவிடுகிறோம். ஆய்வேட்டைப் பிரித்துச் சுவரில் ஒட்டினால் அது ஆய்வேடாகவே இருக்கும். சுவரொட்டியாகாது.

முதலில் தலைப்பைக் காண்போம். ஒரு மாணவி ஆவடியில் 30 கிணறுகளின் நீரை எடுத்துச் சோதித்தார் என்று ஓர் எடுத்துக்காட்டுக்காகக் கொள்வோம். அவர் இடும் தலைப்பு பெரும்பாலும் இவ்வாறு இருக்கும்: ‘ஆவடிப் பகுதி நிலத்தடி நீரின் இயற்பியல், வேதியியல் பண்புகள் - ஓர் ஆய்வு’. இந்த ‘ஓர் ஆய்வு’ என்னும் வால் அறிவியல் துறையாருக்கு மட்டும் உரியது அன்று; நம் தமிழ்த்துறை ஆய்வேடுகளின் முதுகெலும்பும் அதுவே என்பதைச் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்ள வேண்டும். ஆய்வு என்பது பார்த்தவுடனே தெரிகிறது. கண்டது என்ன? குடிநீருக்கான இந்தியத் தர அளவு (ஐ.எஸ். 10500, 2012-ஆம் ஆண்டுப் பதிப்பு) நீரில் கரைந்துள்ள திடப்பொருள்களின் மொத்த அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் வேண்டும் என்கிறது, வேறு நீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. அம்மாணவி சோதித்த கிணறுகளில் எத்தனை 500-ஐக் கடந்தன, எத்தனை 2,000-ஐயும் கடந்தன என்பதே செய்தி. ‘30 கிணறுகளில் இத்தனைக் கிணற்று நீர் குடிக்கத் தக்கது’ என்று தலைப்பிலேயே எழுதினால், கடந்து செல்பவர் கால் தயங்கும். தம் வீட்டுக் கிணறு அதில் எவ்வகை என்று கேட்பார். உரையாடல் தொடங்கிவிடும்.

இதற்குப் பெருஞ்சான்று ஒன்று நம் சென்னையிலேயே உண்டு. 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை கூடி அமைத்தது அது. காசநோய் கண்டவரைத் தாம்பரம் நலவாழ்வு மனையில் படுக்கையில் வைத்து, நல்லுணவும் ஓய்வும் தந்துதான் குணப்படுத்த வேண்டுமா, அல்லது ஏழை நோயாளி தம் நெருக்கடியான வீட்டிலேயே இருந்துகொண்டு மருந்துண்டு குணமடைய இயலுமா என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட வினா. இரு பிரிவினருக்கும் ஓராண்டு ஒரே மருந்து வழங்கப்பெற்றது. வீட்டில் இருந்தோர் உணவிலும் ஓய்விலும் குறைவுற்றிருந்தும், குணமடைவதில் பின்தங்கவில்லை. அவர்தம் வீட்டாருக்கும் அதனால் நோய்த்தொற்று கூடுதலாகவில்லை. உலகெங்கும் காசநோய் மனைகளின் காலம் முடிவதற்கு இவ்வாய்வு ஒரு பெருங்காரணம். 1959-இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் இதழில் வெளியான அக்கட்டுரை 51-ஆம் பக்கத்தில் தொடங்கி 144-ஆம் பக்கத்தில் முடிகிறது. தலைப்போ, வீட்டுச் சிகிச்சையையும் நலமனைச் சிகிச்சையையும் ஒருங்கே ஒப்பிடுதல் என்று மட்டும் கூறுகிறது. எது வென்றது என்று கூறவில்லை. ஆய்விதழுக்கு அது பொருந்தும். அதையே சென்னைச் சேரி ஒன்றின் சுவரில் ஒட்ட வேண்டியிருந்தால் எப்படி எழுதியிருப்போம்? ‘காசநோயை வீட்டிலிருந்தே மருந்துண்டு குணப்படுத்தலாம், அதனால் வீட்டாருக்குக் கூடுதல் இடர் இல்லை.’ தொண்ணூற்று நான்கு பக்கங்களின் பயன் இவ்வொரு தொடரில் அடங்கிவிட்டது. நோயாளி ஒருவரின் தாய் படித்திருந்தால் அன்றிரவு நிம்மதியாய் உறங்கியிருப்பார்.

முடிவைப் பெரிய எழுத்தில் நடுவே எழுதுக என்னும் இக்கருத்தை 2019-இல் அமெரிக்காவில் மைக் மாரிசன் என்னும் உளவியல் ஆய்வு மாணவர் வலியுறுத்தினார். சுவரொட்டியின் நடுப்பகுதி முழுவதும் எளிய சொற்களில் ஒரே முடிவு. இடப்பக்கம் ஒல்லியான பட்டையில் ஆய்வின் சுருக்கம். வலப்பக்கம் கூடுதல் அட்டவணைகள். முழுக் கட்டுரை வேண்டுவோர் கைப்பேசியால் பெற ஒரு க்யூஆர் குறியீடு. அவர் வெளியிட்ட காணொளி ஆய்வுலகில் பெரும் விவாதத்தை எழுப்பியது. வரவேற்றோர் பலர். இது விளம்பரப் பலகை, அறிவியல் அன்று. பெரிதாக எழுதினால் பிழையும் பெரிதாகும் என்று மறுத்தோரும் உண்டு.

மறுத்தோர் கூற்றைத் தள்ளிவிட இயலாது. அதற்கும் நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது. 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஒரு பகுதியில் பி.சி.ஜி. தடுப்பூசி பற்றிய மாபெரும் ஆய்வு தொடங்கியது. அம்பத்தூரும் ஆவடியும் பூவிருந்தவல்லியும் அந்நாளில் அம்மாவட்டத்தைச் சேர்ந்தனவே. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அதில் பங்குகொண்டனர். 1979-இல் வெளியான முதல் அறிக்கையும், பதினைந்தாண்டுக் கண்காணிப்புக்குப் பின் 1999-இல் வெளியான அறிக்கையும், பெரியோருக்கு வரும் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்று காட்டின. இதைச் சுவரொட்டியில் ‘பி.சி.ஜி. பயனற்றது’ என்று ஒருவர் எழுதினால் என்ன ஆகும்? குழந்தைகளுக்கு மூளையுறையைத் தாக்கும் கொடிய காசநோயிலிருந்து காப்பதனால் அவ்வூசி இன்றும் பிறந்த குழந்தைகளுக்கு இடப்படுகிறது. சுருக்கிய ஒரு சொல்லால் ஒரு தாய் தன் மகவுக்கு ஊசி போடாது விடக்கூடும். ஆகவே முடிவைப் பெரிதாக எழுதுவது ஒரு பாதி. யாருக்கு, எந்நோய்க்கு, எந்த அளவில் என்னும் வரம்பையும் அதே தொடரில், அதே எழுத்தளவில் எழுதுவது மறுபாதி. வரம்பைச் சிற்றெழுத்தில் மூலையில் இடுவது வணிக விளம்பரத்தின் வழக்கம். சொல்லைக் கூட்டாமல் வரம்பைக் கூட்டுவதற்கு மொழித்திறன் வேண்டும். அடை எங்கே நின்றால் பொருள் மாறும், உம்மை எதனை உள்ளடக்கும் என்று அறிந்தவர் தமிழ்த்துறையார். அறிவியல் துறையின் கதவை அவர்கள் தட்டுவதற்கு இதனினும் நல்ல காரணம் வேண்டுமோ?

சுவரொட்டி என்ற சொல்லையே சில பேராசிரியர்கள் விரும்புவதில்லை. அது திரைப்படத்தையும் தேர்தலையும் நினைவூட்டுகிறதாம். நினைவூட்டட்டும். சுவரில் ஒட்டியதைப் படிக்கவைக்கும் கலையில் தமிழ்நாட்டார்க்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியை எண்ணிப் பாருங்கள். மறைந்தவரின் முகம் பெரிதாக. பெயர் அதனினும் தெளிவாக. பிறப்பு, இறப்பு நாள்கள். இறுதி ஊர்வலம் புறப்படும் இடமும் நேரமும். ஓடும் பேருந்திலிருந்தே படித்துவிடலாம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் 1960-களிலிருந்து எத்தனையோ பட்டறைகள் இயங்கி வருகின்றன. அங்கே அழுத்தப் பொறியின் அருகே ‘கையை உள்ளே விடாதே’ என்று ஒரு பலகை தொங்கும். பக்கத்தில் ஒரு கையின் படம். அதன்மேல் சிவப்புக் கோடு. எழுதியவர் எம்மொழியிலும் பட்டம் பெறாதவராய் இருக்கலாம். படிப்பவர் யார், எங்கே நிற்கிறார், எத்தனை நொடி கிடைக்கும், படிக்காவிட்டால் என்ன நேரும் என்பன அனைத்தும் அவருக்குத் தெரிந்திருந்தன. ஆண்டுதோறும் மார்ச் 4-ஆம் நாள் தேசியப் பாதுகாப்பு நாளை ஒட்டித் தொழிலகங்களில் சுவரொட்டிப் போட்டிகள் நடைபெறுகின்றன. நம் மாணவர் பலரின் தந்தையர் அவற்றில் பரிசு பெற்றிருப்பர். அறிவியல் மாணவர்கள் தம் வீட்டிலேயே கேட்டறியலாம்.

இவ்விடத்தில் பெரியோர் பொறுத்தருள வேண்டிய ஒரு செய்தியும் உண்டு. நம் ஆய்வுச் சுவரொட்டிகளின் மேற்பகுதியில் மூன்றில் ஒரு பங்கைக் கல்லூரி முத்திரை, துறை முத்திரை, கருத்தரங்க முத்திரை, புரவலர் பெயர், நெறியாளர் பட்டங்கள் ஆகியவை எடுத்துக்கொள்கின்றன. மேடை மரபு மேடைக்கு அழகு. சுவரொட்டியில் கண்ணுக்கு நேராக அமையும் இடம் மிக அரியது; அதனை முடிவுக்குக் கொடுத்துவிட்டு, நன்றிக்குரியோர் அனைவரையும் கீழே ஒரு வரியில் நிறுத்தலாம். நன்றி அதனால் குறைந்துவிடாது.

எண்களைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். மேற்குப் புறநகர் மக்கள் ஆண்டுதோறும் ஐப்பசி, கார்த்திகையில் செம்பரம்பாக்கம் ஏரியின் எண்களைக் கேட்டே உறங்கச் செல்கின்றனர். ஏரியின் முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் முதல் நாள் இரவில் வினாடிக்குச் சுமார் 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. இவ்வெண்ணைச் செய்தியில் கேட்டோர் கோடிக்கணக்கானோர். அதன் உருவத்தைக் கண்டோர் எத்தனை பேர்? ஒரு கன அடி என்பது ஏறத்தாழ 28.3 லிட்டர். எனவே 29,000 கன அடி என்பது 8 லட்சத்து 20 ஆயிரம் லிட்டர். நம் தெருக்களுக்கு வரும் பெரிய தண்ணீர் லாரி 12,000 லிட்டர் கொள்ளும். ஆகவே ஒவ்வொரு நொடியும் 68 லாரி நீர் அடையாற்றில் இறங்கியது. ‘வினாடிக்கு 68 தண்ணீர் லாரி’ என்று எழுதி, லாரிப் படங்களை வரிசையாக வரைந்துவிட்டால், கன அடி என்றால் என்னவென்று அறியாத பாட்டியும் மார்பில் கை வைப்பார். கன அடிக் கணக்கை நீக்க வேண்டியதில்லை. அது அருகில் சிறிதாக இருக்கட்டும். எண்ணை மக்கள் அளந்து பழகிய அளவையில் சொல்வது எண்ணைத் தாழ்த்துவது ஆகாது.

அதே ஏரியைக் கொண்டு பொய்யும் சொல்லலாம். நேற்று 21 அடி, இன்று 22 அடி என்று கொள்வோம். பட்டை வரைபடத்தின் அடிக்கோட்டைச் சுழியில் தொடங்காமல் 20-இல் தொடங்கினால், இன்றைய பட்டை நேற்றையதைப் போல் இருமடங்கு உயர்ந்து நிற்கும். ஓரடி ஏறியது, கண்ணுக்கு ஏரியே இரட்டித்தது. கணினி தானாகவே இவ்வாறு வரைந்து தந்துவிடுவதும் உண்டு. மாணவர் அறியாமலே பொய்யுரைத்துவிடுகிறார். பட்டைக்கு முப்பரிமாணம் கொடுத்து நிழலிடுவதும் இத்தகையதே. சிவப்பையும் பச்சையையும் அருகருகே வைத்து வேறுபாடு காட்டுவதைத் தவிர்க்க வேண்டும். அவ்விரு நிறங்களைப் பிரித்தறிய இயலாத ஆடவர் நூற்றுக்குச் சிலர் எப்போதும் இருப்பர். வானவில்லின் ஏழு நிறத்தையும் பின்புலத்தில் ஊற்றுவதைப் பற்றி எழுதவே வேண்டியதில்லை.

தன் மக்களின் நிலையைத் தானே அளந்து, தானே வரைந்து, உலகின் முன் வைத்த கல்லூரி ஒன்றை நம் மாணவர்கள் அறிய வேண்டும். 1900-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் உலகப் பொருட்காட்சி நடைபெற்றது. அமெரிக்காவின் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராக இருந்த டு பாய்ஸ் என்னும் கறுப்பின அறிஞர், தம் மாணவர்களின் துணையோடு ஏறத்தாழ அறுபது வரைபடங்களைக் கையாலேயே வரைந்து அங்கே அனுப்பினார். அடிமை முறை ஒழிந்து முப்பத்தைந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. கறுப்பின மக்கள் எவ்வளவு நிலம் வாங்கினர், எத்தனை பேர் எழுத்தறிவு பெற்றனர், எத்தொழில்களில் இருந்தனர் என்பன அவற்றின் பொருள். அவற்றுள் ஒன்று, 1790 முதல் 1870 வரை அடிமைகளும் விடுதலை பெற்றோரும் இருந்த விகிதத்தைக் காட்டுவது. படம் முழுவதும் ஒரு கருந்திரள். அதன் தலையில் மெல்லிய பச்சைப் பட்டை. எழுபது ஆண்டுகளாக அப்பட்டை பெரிதாகவே இல்லை. 1870-இல் கருமை முற்றிலும் அற்றுப் பச்சையே நிறைகிறது. ஒரு சொல்லும் படிக்காமலே ஓர் இனத்தின் வரலாறு விளங்கிவிடும். நாம் கருத்தூன்ற வேண்டிய செய்தி மற்றொன்றும் உண்டு. அவ்வரைபடங்கள் பலவற்றில் ஆங்கிலத்தோடு பிரெஞ்சு மொழியும் எழுதப்பட்டிருந்தது. பார்ப்போர் பாரிஸ் மக்கள் என்பதனால் அவர்தம் மொழி. தமக்கு ஆங்கிலமே போதும் என்று அவர்கள் எண்ணவில்லை.

நம் நிலை என்ன? 1993 முதல் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு நடைபெற்று வருகிறது. தமிழ்நாட்டில் அதனை ஊர்தோறும் கொண்டு சென்றதில் 1980-இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கத்திற்குப் பெரும்பங்கு உண்டு. பதினான்கு வயதுப் பள்ளி மாணவன் தன் ஊர்க் குளத்தை ஆராய்ந்து, தமிழிலேயே எழுதி, தமிழிலேயே படம் வரைந்து, தமிழிலேயே விளக்குகிறான். அதே மாணவன் நான்கு ஆண்டு கழித்துக் கல்லூரிக்கு வந்ததும் அதே குளத்தை ஆங்கிலத்தில் ஆராய்கிறான்; விளக்கச் சொன்னால் மனப்பாடம் செய்த நான்கு தொடரை ஒப்பிக்கிறான்; ஐந்தாம் வினாவுக்குத் தலை குனிகிறான். குளத்தைப் பற்றி அவன் அறிந்தது குறைந்துவிடவில்லை. வாய் அடைபட்டுவிட்டது.

ஆங்கிலம் வேண்டாம் என்று கூறுகிறோம் அல்லோம். பெங்களூரிலோ பெர்லினிலோ உள்ள ஆய்வாளர்க்கு ஆங்கிலச் சுவரொட்டி வேண்டும். அதனைச் செம்மையாகச் செய்க. கூடவே இரண்டாம் சுவரொட்டி ஒன்று தமிழில் வேண்டும் என்கிறோம். தமிழில் கலைச்சொல் இல்லையே என்போர்க்கு, மணவை முஸ்தபா அவர்கள் தம் வாழ்நாள் முழுவதையும் செலவிட்டுத் தொகுத்த அறிவியல் கலைச்சொல் அகராதிகளைக் காட்டுவோம். யுனெஸ்கோ கூரியர் தமிழ்ப் பதிப்பின் ஆசிரியராகப் பல்லாண்டுகள் இருந்து, எவ்வறிவியற் பொருளையும் தமிழில் கூற இயலும் என்று மாதந்தோறும் மெய்ப்பித்தவர் அவர். 2017-இல் மறைந்தார். அவர் நூல்கள் நம் கல்லூரி நூலகங்களில் தூசி படிந்திருப்பின் அக்குறை தமிழுக்கு உரியது அன்று.

தமிழில் எழுதுவோர் அறிய வேண்டிய நடைமுறைச் செய்திகள் சில. தமிழ்த் தொடர் ஆங்கிலத்தினும் இடம் மிகுதியாகக் கொள்ளும். ஆகவே மொழிபெயர்க்கத் தொடங்குமுன் செய்தியைக் குறைக்க வேண்டும். சுவரொட்டி முழுவதற்கும் முந்நூறு சொல் போதும் என்பது நம் கணக்கு. நம் எழுத்தில் மேலே புள்ளியும் சுழியும், கீழே உகரக் குறியும் இறங்கி நிற்பதால் வரிக்கு வரி இடைவெளி தாராளமாக வேண்டும். இல்லையேல் மேல்வரியின் கால் கீழ்வரியின் தலையில் இடிக்கும். தலைப்பெழுத்து ஓர் அங்குல உயரத்துக்கும், உள்ளெழுத்து 24 புள்ளி அளவுக்கும் குறையலாகாது. வழக்கமான ஏ0 அளவுத் தாள் சற்றொப்ப 2¾ அடி அகலமும் 4 அடி உயரமும் உடையது. பரப்பு ஒரு சதுர மீட்டர். அச்சுக் கடைக்காரரிடம் கோப்பை அப்படியே கொடுத்துவிட்டு வருதல் கூடாது. அவர் கணினியில் அவ்வெழுத்துரு இல்லையெனில் கொம்பு ஓரிடத்திலும் மெய் ஓரிடத்திலுமாகப் பிரிந்து, ஆய்வு புதையெழுத்து ஆகிவிடும். எழுத்துருவையும் உள்ளடக்கிய பி.டி.எஃப். ஆக மாற்றிக் கொடுத்து, அச்சிடுமுன் ஒருமுறை திரையில் படித்துப் பார்த்துவிட்டு வருக. ஃப்ளெக்ஸ் மலிவு என்பதற்காக அதில் அச்சிடுவது ஏரிக் கழிவை ஆராயும் மாணவர்க்கு அழகன்று. தாளோ துணியோ போதும்.

பூவிருந்தவல்லியில் பார்வையற்றோர்க்கான அரசுப் பள்ளி 1931 முதல் இயங்கி வருகிறது. நம் மாணவர்கள் தம் சுவரொட்டியோடு ஒரு நாள் அங்கே சென்று, அதனைக் காண இயலாத மாணவர்க்கு வாய்மொழியால் விளக்கிப் பார்க்க வேண்டும். ‘இந்தப் படத்தில் காண்பது போல’ என்ற தொடர் அங்கே செல்லாது. பட்டை உயர்ந்தது என்றால், எதிலிருந்து எதுவரை, ஏன் என்று சொல்லியாக வேண்டும். இரண்டு நிமிடத்தில் அவ்வாறு சொல்ல இயன்றவர்க்குத் தம் ஆய்வு தெரியும். இயலாதவர் திரும்பி வந்து சுவரொட்டியைத் திருத்த வேண்டியிருக்கும். எந்த நடுவரினும் கூரிய நடுவர்கள் அப்பள்ளியில் இருக்கின்றனர்.

இனி, செயலுக்கு வருவோம். அறிவியல் துறையில் சுவரொட்டி அணியமாகும் பருவத்தில், ஒவ்வோர் ஆய்வுக் குழுவோடும் தமிழ்த்துறை மாணவர் இருவரை இணைத்துவிடலாம். இவர்கள் ஆய்வைக் கேட்டு, விளங்காத இடத்தில் வினவி, விளங்கியதைத் தமிழில் எழுதட்டும். மொழிபெயர்ப்புத் தாளுக்கு உரிய அகமதிப்பெண்ணாக அதனைக் கொள்வதற்குப் பேராசிரியர்கள் வழி காணலாம். எழுதிய இரண்டாம் படியைத் தொங்கவிடும் இடத்தைப் பெரியோர் தர வேண்டும். கிளை நூலகத்தின் வாயில், நியாய விலைக் கடையின் வரிசை நிற்கும் சுவர், பள்ளிவாசலின் அறிவிப்புப் பலகை, குடியிருப்போர் சங்கக் கட்டடம் என மக்கள் நின்று காத்திருக்கும் இடங்கள் நம் ஊர்களில் குறைவில்லை. வாரத்தில் ஒரு மாலை அம்மாணவரும் அங்கே நின்று விளக்குவார். ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். எந்தக் கிணறு எவர் வீட்டினது, எந்நோய் எவர்க்கு என்பது சுவரில் தெரியலாகாது. நீர் கெட்டது என்று ஒரு வீட்டின் எண்ணைப் போட்டுவிட்டால் அவ்வீட்டுக்குக் குடிவருவோர் இரார். உரியவரிடம் தனியே ஒரு தாளில் எழுதித் தருவதே பண்பு.

இவ்வாறு இணைந்து அமரும் முதல் நாளிலேயே வழக்கு எழும் என்பதையும் அறிவோம். ஆவடி, அம்பத்தூர் மக்கள் எல்லாரும் ‘டி.டி.எஸ்.’ என்றே கூறுகின்றனர். வேதியியல் துறையார் ‘கரைந்துள்ள திடப்பொருள்களின் மொத்த அளவு’ என்று எழுத வேண்டும் என்பர். தமிழ்த்துறை மாணவர் ‘நீரில் கரைந்த உப்பு’ என்றால் போதாதா என்பர். உப்பு மட்டும் அன்று என்று அவர்கள் மறுப்பர். உப்பென்றால்தான் விளங்கும் என்று இவர்கள் வாதிடுவர். அவ்வழக்கைக் கிணற்றுக்கு உரியவரிடமே கொண்டு செல்லட்டும். மூன்றையும் எழுதிக் காட்டி, அவர் எதைப் படித்தவுடன் தம் கிணற்றை எட்டிப் பார்க்கிறாரோ அதனைப் பெரிதாகவும், வேதியியலார் கேட்பதை அதன் கீழேயும் எழுதிக்கொள்ளலாம்.